தங்கச்சி வைத்த டைமிங்

என் தங்கச்சி செத்துப்போய் ஒரு கோடைக்காலமே கடந்த பிறகு, ஒரு நாள் காலையில் வந்து கார் ரிப்பேர் செய்துவிட்டுப் போனாள். ஊரிலேயே பெரிய டைமிங் மெக்கானிக் 'இனி எடைக்குத்தான்' என்று கைகழுவிய இன்ஜின் அது. ஸ்பேனரைக்கூட அவளே கொண்டுவந்திருந்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இதைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் உண்டு. போகட்டும், காலை நீட்டிக்கொள்ள இடம் கிடைக்கும். நான் பொய் சொல்கிறவன் இல்லை. உண்மையைக் கொஞ்சம் லூசாகத் தைத்துக் கொடுக்கிறவன், அவ்வளவுதான். அளவெடுத்துத் தைத்தால் யாருக்கும் உள்ளே நுழைய முடியாது.

முதலில் என் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரிட்டயர் ஆகும்வரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவன் நான். எதிர்முனையில் இருப்பவர் வாயைத் திறக்காமல் தலையாட்டினால்கூட எனக்குக் கேட்கும். என் தங்கச்சி பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவளுக்கு அவர் எந்தப் பக்கமாகத் தலையாட்டினார் என்பதும் கேட்கும். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஊரில் ஒருத்தரும் நிம்மதியாக மூச்சுவிட முடியாது என்பார் எங்கள் சூப்பர்வைசர்.

அவளைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளைதான் நான் சொன்ன மெக்கானிக். ஊரில் அவருக்கு 'டிகிரி' என்று பெயர். வீட்டுக்குள் நுழையும்போது சுவரில் படம் சாய்ந்திருந்தால், எத்தனை டிகிரி என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். வீட்டுக்குப் பின்னால்தான் ஒர்க்‌ஷாப். அங்கே துப்பாக்கி வடிவத்தில் ஒரு டைமிங் லைட் வைத்திருந்தார். அதைத் தொட்டுப் பார்க்க எனக்கு அனுமதி கிடையாது. என் தங்கச்சிக்கு, அதைத் தாங்கிய மேஜையைத் துடைக்க அனுமதி உண்டு.

நான் சொல்லும் அந்தக் காலையில் நான் போனபோது மாப்பிள்ளை தங்கச்சியின் காரிலிருந்து நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருடைய மகள், அதாவது என் மருமகள், காரின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மாமா, நீங்களாவது சொல்லுங்க. மதியம் பழைய இரும்புக்காரர் வர்றாராம். அம்மா காரைத் தூக்கிட்டுப் போயிடுவாராம்."

"என்ன மாப்ள இது?"

"இன்ஜின் முடிஞ்சு போச்சு மச்சான்," என்றார் தலையைத் தூக்காமல். "இழுக்க மாட்டேங்குது. பத்து நிமிஷம் ஓட்டினா கொதிக்குது. உள்ள எல்லாம் தேஞ்சு போச்சு. இன்ஜினை இறக்கிப் பார்க்கிற அளவுக்கு வொர்த் இல்ல."

"இறக்கிப் பார்க்காமலேவா முடிவு பண்ணீங்க?"

"என் கைக்குத் தெரியும்."

"மத்தவங்க கார்னா நட்டு நட்டா கழட்டிப் பாப்பீங்க," என்றாள் மருமகள். "அம்மா கார்னா கை பார்த்தாப் போதும்."

அவர் அடுத்த ஸ்க்ரூவைத் திருப்பினார். மாப்பிள்ளையின் மௌனத்தை எடை போட்டால் மூன்று மூட்டை தேறும். அன்றைக்கு நான்காவது மூட்டையும் பிரித்திருந்தார்.

அந்தக் கார் பற்றிப் பழைய கதை ஒன்று அந்த வீட்டில் உண்டு. எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். ஊருக்கு வெளியே சாலை சுற்றிச் சுற்றி ஏறி, ஒரு பெரிய தண்ணீர்த்தொட்டியில் போய் முடியும். தங்கச்சிக்கு அந்த மேடு என்றால் உயிர். நாள் முழுக்க ஊராரின் குரலைக் காதில் மாட்டிக்கொண்டிருந்தவளுக்கு, ஊர் முழுக்கத் தெரியும், ஆனால் சத்தம் மட்டும் கேட்காது என்கிற இடம் சொர்க்கம். காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஒரு பொட்டலம் வேர்க்கடலையைக் காலி பண்ணிவிட்டு வருவாள்.

சில நாள் கார் குதிரை மாதிரி ஏறும். சில நாள் பாதியில் மூச்சு வாங்கும். "கார் இழுக்கல" என்று அவள் சொல்வாள். "உன் கால்தான் சரியில்ல" என்று இவர் சொல்வார். ஒரு நாள் குடும்பமாகப் போகும்போது கடைசி வளைவில் கொதித்து நின்றுவிட்டது. பின்னால் வேன், லாரி, ஊர்வலம் மாதிரி வண்டிகள். ஒவ்வொருத்தரும் ஹாரனில் ஒரு கச்சேரி. மாப்பிள்ளை இறங்கி வந்து, அத்தனை பேர் முன்னாலும், "ஓட்டத் தெரியாதவளுக்குக் கார் எதுக்கு" என்றார். சாவியை வாங்கி ஒர்க்‌ஷாப்பில் தன் கொக்கியில் மாட்டினார். அவள் அதைத் திரும்பக் கேட்கவில்லை. அதற்கப்புறம் பஸ்தான். அந்த மேட்டுக்குப் பஸ் கிடையாது.

"சரி மாப்ள, இரும்புக்காரர் வர்றதுக்குள்ள ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க," என்றேன். "கடைசியா அது என்ன சொல்லுதுன்னு கேட்டுக்கறேன்."

"கார் பேசாது மச்சான்."

"உங்ககிட்ட பேசாது. நீங்க திட்டுவீங்க."

மருமகள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர் சாவியைக் கொக்கியிலிருந்து எடுத்தார் என்று நினைக்கிறேன்.

இன்ஜின் ஓடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஓசை கட்டையாக, தொண்டை கட்டின மாதிரி இருந்தது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்தது. எக்ஸ்சேஞ்சில் இந்த மாதிரி ஆள் நிறைய உண்டு. நாம் 'ஹலோ' சொல்லி முடித்து, போனை வைக்கப்போகிற நேரத்தில் 'ஹலோ' என்பார்கள்.

"லேட்," என்றேன்.

"என்ன லேட்?"

"எல்லாமே. தீப்பொறி லேட்டா விழுது."

விஷயம் இதுதான். பிஸ்டன் மேலே ஏறி உச்சிக்கு வரும் சமயத்தில், அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தீப்பொறி விழ வேண்டும். அப்போதுதான் வெடிப்பின் வேகம் பிஸ்டனைத் தள்ளும். பஸ் நிற்பதற்குள் எழுந்து படிக்கட்டுக்கு வருகிற ஆள் மாதிரி. லேட்டாக விழுந்தால், பஸ் கிளம்பின பிறகு எழுந்து கத்துகிற ஆள். சூடும் சத்தமும்தான் மிஞ்சும், காரியம் நடக்காது.

மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் ரேடியேட்டர் இல்லாமலே தண்ணீர் கொதிக்கும். "போன மாசம் நானே வச்ச டைமிங். லேட்டாம்." டைமிங் லைட்டை எடுத்தார். வேக்யூம் குழாயைப் பிடுங்கி அதன் வாயில் ஒரு பென்சிலைச் செருகினார். டைமிங் பார்க்கும்போது அதை அடைத்து வைப்பது முறை, அவர் முறை தவற மாட்டார். ஒயரை மாட்டி, லைட்டை இன்ஜினின் முன்னால் சுழலும் கிராங்க் புல்லியின்மேல் பிடித்தார். தீப்பொறி விழும்போதெல்லாம் அந்த லைட் மின்னும். மின்னும்போது, சுற்றுகிற புல்லியில் இருக்கும் வெள்ளைக் கோடு அசையாமல் நிற்கிற மாதிரி தெரியும். பக்கத்தில் அளவுத்தகடு.

"பாருங்க. உச்சிக்குப் பத்து டிகிரி முன்னாடி. மயிரிழை பிசகல."

குனிந்து பார்த்தேன். பிசகவில்லைதான். கோடு சிலை மாதிரி நின்றது.

"உங்க லைட்டு சரி மாப்ள. என் காதும் சரி."

"ரெண்டும் சரியா இருக்க முடியாது."

"அப்ப உங்க கோடு பொய் சொல்லுது."

"காதுல பூ சுத்தாதீங்க மச்சான். இரும்பு எங்கயாவது பொய் சொல்லுமா?"

இன்ஜினை அணைத்தார். காது குற்றம் சொல்லும், சாட்சி கொண்டுவராது.

சாட்சியை மருமகள் கொண்டுவந்தாள். வண்டி போகப்போகிறதே என்று உள்ளே கிடந்த சாமான்களை எடுத்துக்கொண்டிருந்தாள். குடை, ஒற்றைக் கம்மல், கூலிங் கிளாஸ், கடலைத் தோல். கடலைத் தோல் மட்டும் ஒரு ஏக்கருக்கு உரம் போடலாம். ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் கையை விட்டவள் ஒரு சின்னத் துணிப்பையை இழுத்தாள்.

பையில் இரண்டே பொருள். ஒரு பதிமூணாம் நம்பர் ஸ்பேனர். காய்ந்து கட்டியான ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டில்.

"இது என்னோடது," என்றாள் மருமகள். "காலேஜ்ல படிக்கும்போது காணாமப் போச்சு. அம்மாதான் எங்கயோ தூக்கிப் போட்டுட்டாங்கன்னு ரெண்டு நாள் பேசாம இருந்தேன்."

"ஸ்பேனர் என்னோடது," என்றார் மாப்பிள்ளை. "எத்தனை நாள் தேடினேன். அவளுக்கு எதுக்கு இது? அவ நகத்துக்குப் பாலிஷ் போட்டு நான் பார்த்ததே இல்லையே."

பதிமூணாம் நம்பர் எந்த நட்டுக்கு என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். அவர் பார்வை போன இடத்துக்கு நானும் போனேன். இன்ஜினின் பக்கவாட்டில் டிஸ்ட்ரிபியூட்டர். தீப்பொறியை எப்போது அனுப்புவது என்று முடிவு செய்கிற சாதனம் அதுதான். அடியில் ஒரு போல்ட்டைத் தளர்த்தி, அதைக் கொஞ்சம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்பினால் டைமிங் மாறும். அந்தப் போல்ட் பதிமூணு.

டார்ச் அடித்துக் குனிந்தேன். டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு. அதற்குச் சோடியாகக் கீழே இன்ஜினில் இன்னொரு சிவப்புக் கோடு. இரண்டும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து பிரிந்தவை. பூச்சு மேல் பூச்சாக, தடவினால் விரலில் இடறும் அளவுக்குத் தடிப்பு. அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் ஊசிமுனைக் கீறல்கள். அவை மாப்பிள்ளையின் கைவேலை. டைமிங் வைத்து முடித்ததும் ஒரு கீறல் போடுவது அவர் வழக்கம், கையெழுத்து மாதிரி. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக அந்தக் கீறல்கள் சிவப்பை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்தன, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு போகிற சொந்தக்காரர்கள் மாதிரி.

"மாப்ள," என்றேன், "இது பழைய மெக்கானிக் எவனோ போட்ட பெயிண்ட்டா?"

"அப்படித்தான் நெனச்சிருந்தேன்."

"இது என் தங்கச்சி. நீங்க திருப்பி வச்சிருக்கீங்க, அவ திரும்பத் திருப்பி வச்சிருக்கா. நீங்க கண்ணால வச்சீங்க, அவ காதால வச்சிருக்கா. இப்ப உங்க காரை அவ ரிப்பேர் பண்ணிக் குடுக்கறா."

"உளறாதீங்க." அவர் குரல் சிரிக்கப் பார்த்தது, வரவில்லை. "போனவ எப்படி ரிப்பேர் பண்ணுவா. கதை விடறதுக்கும் ஒரு அளவு இருக்கு."

ஆனால் டார்ச்சை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். கீறல்களை விரல் நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"மாசா மாசம் இது நகர்ந்து இருக்கும்," என்றார் மெதுவாக. "போல்ட் நிக்கலன்னு நெனச்சேன். போல்ட்டை மாத்தினேன். வாஷர் மாத்தினேன். நீளக் கம்பி போட்டு இறுக்கினேன்."

"அம்மா இத்துனூண்டு ஸ்பேனரைப் புடிச்சுத் தொங்கியிருப்பாங்க," என்றாள் மருமகள்.

"நான் வைக்கிற இடமும் நகர்ந்துட்டே போச்சே. இன்ஜினுக்குள்ள இருக்கிற டைமிங் செயின் தளர்ந்ததுனாலன்னு நெனச்சேன்." நிறுத்தினார். "செயின் தளர்ந்தா தீப்பொறி லேட்டாகும். முன்னால திருப்பணும். நான்..." விரல் கடைசிக் கீறலில் நின்றது. "நான் பின்னால திருப்பிட்டே போயிருக்கேன்."

அவர் நிமிர்ந்தார். மருமகளிடம் ஸ்வெட்டர் பின்னும் மர ஊசி ஒன்று கேட்டார். முதல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஊசியை நிற்க வைத்து, பெரிய ஸ்பேனரால் இன்ஜினைக் கையாலேயே சுற்றினார். உள்ளே பிஸ்டன் ஏற, ஊசியும் ஏறியது. ஏறி, நின்று, இறங்கப் பார்த்தது. முன்னும் பின்னுமாகத் திருப்பி, சரியாக உச்சியில் நிறுத்தினார்.

பிஸ்டன் உச்சியில் இருந்தால், புல்லியின் வெள்ளைக் கோடு தகட்டில் பூஜ்யத்தில் இருக்க வேண்டும்.

கட்டைவிரல் அகலத்துக்கு அது பின்தங்கி நின்றது.

மூன்று பேரும் அதைப் பார்த்தோம். அந்தப் புல்லி ஒரே துண்டு மாதிரிதான் தெரியும். உண்மையில் உள்ளே ஒரு சக்கரம், வெளியே ஒரு வளையம், நடுவில் ரப்பர். ரப்பர் கிழடு தட்டி, வெளிவளையம் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிப் பின்னால் வந்திருக்கிறது. வெள்ளைக் கோடு அந்த வளையத்தின்மேல் இருக்கிறது. லைட் பொய் சொல்லவில்லை, மாப்பிள்ளையும் தப்பாகப் பார்க்கவில்லை. கோடுதான் யாருக்கும் தெரியாமல் இடம் மாறிவிட்டது. அவர் ஒவ்வொரு மாசமும், மயிரிழை பிசகாமல், தப்பான இடத்தில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

நான் ஜெயித்திருந்தேன். ஜெயித்தால் நான் என்னென்ன அட்டகாசம் செய்வேன் என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கு அந்த மர ஊசியை உருவித் துடைத்து மருமகளிடம் கொடுத்தேன், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு, பதிமூணாம் நம்பரை எடுத்தார். அவருடைய பெட்டியில் இருப்பதை அல்ல, பையில் இருந்ததை. போல்ட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினார். பிரிந்திருந்த இரண்டு சிவப்புத் துண்டுகளும் சேர்ந்து ஒரே கோடாயின. இறுக்கினார். கீறல் போடவில்லை.

ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேச ஆரம்பித்தது. நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை எழுந்து நகர்ந்தது, அதற்கும் வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

நம்பர் பிளேட்டைத் திரும்ப மாட்டினார். "நீ ஓட்டு," என்று மகளிடம் சாவியை நீட்டினார். "எங்க போகணும்ப்பா?" என்று அவள் கேட்டாள். கேட்டதற்குப் பதில் அவளுக்கே தெரியும்.

நான் முன்னால், மாப்பிள்ளை பின்சீட்டில். அந்த மேட்டில் கார் ஏறின வேகத்துக்கு, எதிரே இறங்கி வந்த லாரிதான் மேலே ஏறுகிறதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. வெப்பமுள் பாதியிலேயே உட்கார்ந்திருந்தது. கடைசி வளைவு வந்தது. கார் அந்த வளைவைக் கண்டுகொள்ளவே இல்லை.

தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கினாள். ஊர் முழுக்கத் தெரிந்தது. சத்தம் இல்லை.

"அப்பா, கார் வளைவுல நின்னுபோன அன்னைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அம்மா சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?" என்றாள் மருமகள், முன்னாலேயே பார்த்துக்கொண்டு. "இன்னைக்கு வேண்டாம், நாளைக்குப் போலாம்னாங்க. ஏன்னு கேட்டீங்க. ஒண்ணும் சொல்லல."

"அன்னைக்குக் காலைலதான் சர்வீஸ் பண்ணியிருந்தேன்," என்றார் அவர். "அவளுக்குத் திருப்பி வைக்க நேரம் கிடைச்சிருக்காது."

"நேரா சொல்லியிருக்கலாம்ல? ஏன் சொல்லாம இருந்தாங்க?"

"சொன்னா. ஆரம்பத்துல சொன்னா. லேட்டா விழுதுங்கன்னு இதே வார்த்தை சொன்னா. நான் லைட்டை எடுத்துக் காட்டினேன். ஒர்க்‌ஷாப்ல கஸ்டமருங்க நின்னாங்க." பின்சீட்டில் அவர் கையைப் பிசைந்துகொண்டிருக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. "டைமிங்குக்கு நாலு ஊர்லேர்ந்து என்னைத் தேடி வர்றாங்க. பெண்டாட்டி வந்து தப்புன்னு சொன்னா என் பேர் என்னாகும்? அதுக்கப்புறம் அவ சொல்லல. பையில ஸ்பேனரை வச்சுக்கிட்டா."

நான் வெளியே பார்த்தேன். இந்த மாதிரி நேரத்தில் எதையாவது சொல்லி ஆளைச் சிரிக்க வைப்பதுதான் என் தொழில். தேடிப் பார்த்தேன், கடையில் சரக்கு இல்லை.

"ஒரு தடவை," என்றார் மாப்பிள்ளை, "ஒரே ஒரு தடவை அந்த ஊசியைப் போட்டுப் பார்த்திருந்தா. எவனெவன் காருக்கோ செஞ்சிருக்கேன். கடலை மடிக்கிற நேரம்கூட ஆகாது." கீழே ஊரைப் பார்த்தபடி, "பஸ்ல போனாளே," என்றார். மருமகள் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தாள். இறங்கிப்போய்ப் பின்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஓட்டுநர் சீட் காலியாகக் கிடந்தது. அதன் கீழே தரையில் ஒரு கடலைத் தோல் இன்னும் மிச்சம் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

நாங்கள் இறங்கி வந்தபோது ஒர்க்‌ஷாப் வாசலில் இரும்புக்காரர் தன் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். கயிறெல்லாம் எடுத்து வைத்திருந்தார். எடைக்கு வர வேண்டிய கார் தானாகவே ஓடி வந்து எதிரில் நின்றதும் அவர் முகம் போன போக்கு இருக்கிறதே, அதை வைத்து நான் இன்னொரு கதை எழுதலாம்.

"என்னண்ணே, இன்ஜின் முடிஞ்சுபோச்சுன்னீங்க," என்றார். பானெட்டைத் திறக்கச் சொல்லிக் குனிந்து கேட்டார். பழைய இரும்பு எடுக்கிறவருக்கும் காது உண்டு. "தேன் மாதிரி ஓடுதே. இது குடுக்கற வண்டி இல்ல."

"இல்ல," என்றார் மாப்பிள்ளை. "இது என் பொண்ணு வண்டி. உங்களை வீணா அலைய வச்சுட்டேன்."

"அது பரவால்ல. டைமிங் யாரு வச்சது? உங்க கையா?"

நான் வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை என் தோளில் கை வைத்து நிறுத்தினார். சிவப்புக் கோட்டைப் பார்த்தார்.

"என் வீட்டுக்காரி."

இரும்புக்காரர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் இறந்தபோது வீட்டுக்கு வந்திருந்தவர் அவர். "அண்ணே," என்றார் தயங்கி, "அவங்க வச்சதுன்னா... எப்போ?"

"இன்னைக்குக் காலைல," என்றார் மாப்பிள்ளை. "மச்சான் பக்கத்துல இருந்தார். நானும் இருந்தேன்."